தகடு எப்போது ஓட்டையாகும்?

(சிராய்ப்புத் தேய்மானமும் அதை முன்கூட்டியே கணிக்கும் முறையும்)

இறுதியாண்டு மாணவன், இயந்திரவியல் துறை

“எறும்பு ஊரக் கல்லும் தேயும்” என்பது நாம் எல்லோரும் சிறு வயதிலிருந்தே கேட்டு வரும் பழமொழி. எறும்பு ஊர்ந்தே கல் தேயும் என்றால், இரும்பின் மேல் கல் ஊர்ந்தால் என்ன ஆகும்? அதைப் பற்றித்தான் இக்கட்டுரையில் எழுத முயன்றிருக்கிறேன்.

இந்தத் தலைப்பை நான் எடுத்துக்கொள்ள ஒரு காரணம் உண்டு. என் அப்பா ஒரு ஜல்லி கிரஷரில் வேலை செய்கிறார். கிரஷரில் உடைந்த கல்லைப் பெல்ட்டின் மேல் இறக்கிவிடும் சரிவான இரும்புப் பெட்டிக்குச் ‘சூட்’ என்று பெயர். நான் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய வருடம், அந்தச் சூட்டின் அடித்தகடு தேய்ந்து தேய்ந்து, கை நுழையும் அளவுக்கு ஓட்டையாகிவிட்டது. சிந்தும் கல்லை வாரிப்போட அப்பா கீழே போனார். சுமார் ஒரு கிலோ எடையுள்ள கல் ஒன்று ஓட்டை வழியாக அவர் தோளில் விழுந்தது. காறை எலும்பு விரிந்துவிட்டது. இரண்டு மாதம் வேலை இல்லை, கூலியும் இல்லை. அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அந்தத் தோடு மூட்டப்பட்டபோது நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன்.

கல் விழுந்த உயரம் 4 மீட்டர். 4 மீட்டர் விழும் கல் தரையைத் தொடும்போது அதன் வேகம் நொடிக்கு சுமார் 8.9 மீட்டர், அதாவது மணிக்கு 32 கிலோமீட்டர். இந்தக் கணக்கைப் பின்னாளில் வகுப்பில் போட்டுப் பார்த்தபோதுதான், கல் தலையில் விழாமல் தோளில் விழுந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிந்தது.

அப்போது எல்லோரும் “நேரம் சரியில்லை” என்றார்கள். ஆனால் ஒரு தகடு ஒரே நாளில் ஓட்டையாவதில்லை. மாதக்கணக்கில் தேய்ந்துதான் ஓட்டையாகிறது. அப்படியானால் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா? இந்தக் கேள்விதான் என் இறுதியாண்டு புராஜெக்ட் ஆனது.

சிராய்ப்புத் தேய்மானம் என்றால் என்ன?

ஒரு கடினமான பொருள் இன்னொரு பொருளின் மேல் அழுந்தி நகரும்போது, அதைக் கீறியும் உழுதும் சிறிது சிறிதாக எடுத்துச் செல்வதே சிராய்ப்புத் தேய்மானம் ஆகும். இது இரண்டு வகைப்படும்.

1. இரு பொருள் தேய்மானம்: கீறும் பொருள் அசையாமல் ஒன்றோடு பதிந்து நின்று கீறுவது. அரம் இதற்கு நல்ல உதாரணம்.

2. முப்பொருள் தேய்மானம்: இரண்டு பரப்புகளுக்கு நடுவே துகள்கள் உருண்டும் சறுக்கியும் தேய்ப்பது. நம் வீட்டு அம்மி இப்படிப்பட்டது. அம்மிக்கும் குழவிக்கும் நடுவே உப்பும் மிளகும் மல்லியும் உருண்டு, சில வருடத்தில் அம்மி வழவழப்பாகிவிடும். அப்புறம் அம்மி கொத்துறவரைக் கூப்பிட வேண்டியதுதான்.

பொதுவாக முப்பொருள் தேய்மானம், இரு பொருள் தேய்மானத்தை விடக் குறைவு. காரணம், உருளுகிற துகள் எல்லா நேரமும் கீறுவதில்லை. சூட்டில் இரண்டும் கலந்தே நடக்கிறது. மேலே உள்ள கற்களின் பாரம் கீழே உள்ள கல்லைத் தகட்டோடு அழுத்திப் பிடித்தால் அது அரம் மாதிரி கீறும். பாரம் குறைந்தால் உருண்டு ஓடிவிடும்.

அரத்தில் கற்ற பாடம்

முதலாண்டு ஃபிட்டிங் ஷாப்பில் நாம் எல்லோரும் கை கொப்பளிக்க மைல்ட் ஸ்டீல் துண்டை அரத்தால் தேய்த்தோம் அல்லவா? தேய்மானத்தின் விதி முழுவதையும் அன்றே நாம் படித்துவிட்டோம். படித்தோம் என்றுதான் நமக்குத் தெரியவில்லை. சற்று நினைத்துப் பாருங்கள்.

* அழுத்தித் தேய்த்தால் அதிகம் தேயும். இது சுமை.
* அதிக முறை தேய்த்தால் அதிகம் தேயும். இது சறுக்கிய தூரம்.
* துண்டு கடினமாக இருந்தால் குறைவாகத் தேயும். இது கடினத்தன்மை.
* புது அரம் நன்றாக எடுக்கும். மொட்டை அரம் வழுக்கும். இது மாறிலி.

இந்த நான்கையும் சேர்த்து எழுதினால் கிடைப்பதே ஆர்ச்சர்டு சமன்பாடு. இதை ஆர்ச்சர்டு என்ற விஞ்ஞானி 1953-இல் வெளியிட்டார்.

தேய்ந்த கன அளவு = மாறிலி × சுமை × சறுக்கிய தூரம் ÷ கடினத்தன்மை

இது முதலில் உலோகத்தின் மேல் உலோகம் உரசுவதற்காக எழுதப்பட்டது. ஆனால் மணலும் கல்லும் கீறுகிற தேய்மானத்துக்கும் இதே வடிவம் பொருந்துகிறது.

பார்க்க எளிதாக இருக்கிறது. நானும் அப்படித்தான் நினைத்து, ஒரே ராத்திரியில் தகட்டின் ஆயுளைக் கண்டுபிடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். சுமை கிடைத்தது, தூரம் கிடைத்தது, கடினத்தன்மையும் கிடைத்தது. மாறிலியில்தான் மாட்டிக்கொண்டேன். முப்பொருள் தேய்மானத்துக்குப் புத்தகத்தில் 0.0005 முதல் 0.005 வரை என்று போட்டிருந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் பத்து மடங்கு வித்தியாசம்! அதாவது தகடு ஒரு மாதத்திலும் ஓட்டையாகலாம், பத்து மாதத்திலும் ஓட்டையாகலாம் என்று விடை வந்தது. இந்த விடையை வைத்துக்கொண்டு கிரஷர் ஓனரிடம் போய் என்ன சொல்வது?

கல் பெரிதா, தகடு பெரிதா?

மாறிலி ஏன் இப்படி ஆடுகிறது என்று அறிய, கல்லையும் தகட்டையும் ஒப்பிட வேண்டும். எங்கள் செங்கல்பட்டுப் பக்கத்துக் குவாரிகளில் ‘ப்ளூ மெட்டல்’ என்று நாம் சொல்லும் கல்லின் அறிவியல் பெயர் சார்னோக்கைட். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற நில இயல் அறிஞர், 1893-இல் அவர் பெயரையே இந்தக் கல்லுக்கு வைத்தார். நம் பல்லாவரம், பரங்கிமலைக் கல்தான் இது. இதில் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் ஆகிய கனிமங்கள் நிறைய உண்டு.

கடினத்தன்மையைப் பாருங்கள் (சுமாரான அளவுகள்):

மைல்ட் ஸ்டீல் தகடு – 130
மாங்கனீசு எஃகு, புதிதாக – 200
மாங்கனீசு எஃகு, அடிபட்டு இறுகிய மேற்பரப்பு – 500
தேய்மானத்துக்கென்றே விற்கப்படும் தகடு – 400
குவார்ட்ஸ் – 1000-க்கு மேல்

(உலோகங்களுக்குப் பிரினெல், குவார்ட்ஸுக்கு விக்கர்ஸ். இரண்டும் சற்று வேறுபட்டாலும் ஒப்பிட இது போதும்.)

கீறும் பொருளின் கடினத்தன்மை, கீறப்படும் பொருளைப் போல் 1.2 மடங்குக்கு மேல் இருந்தால் தாராளமாகக் கீறும். அதற்குக் கீழே வந்தால் தேய்மானம் மிகவும் குறைந்துவிடும். மேற்கண்ட பட்டியலில் எந்த எஃகும் குவார்ட்ஸை எட்டவில்லை. ஆகவே எந்த எஃகுத் தகடு போட்டாலும் அது தேயத்தான் செய்யும். எவ்வளவு காலத்தில் என்பதுதான் கேள்வி.

இங்கே இன்னொரு விஷயமும் உண்டு. 130-க்குப் பதில் 400 போட்டால் ஆயுள் மூன்று மடங்கு ஆகும் என்று சமன்பாடு சொல்லும். ஆனால் சோவியத் விஞ்ஞானி குருஷோவ் சோதித்துப் பார்த்தபோது, தூய உலோகங்களில்தான் கடினத்தன்மைக்குச் சரிசமமாகத் தேய்மான எதிர்ப்பு கூடியது. சூடாக்கிக் குளிர்வித்துக் கடினமாக்கிய எஃகுகளில் அவ்வளவு கூடவில்லை. எனவே விலை கொடுத்து வாங்கும்போது மூன்று மடங்கு உழைக்கும் என்று எதிர்பார்த்து ஏமாறக் கூடாது.

மாங்கனீசு எஃகைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1882-இல் ராபர்ட் ஹாட்ஃபீல்டு கண்டுபிடித்த இந்த எஃகில் சுமார் 12 சதவீதம் மாங்கனீசு உண்டு. அடிபட அடிபட இதன் மேற்பரப்பு இறுகும். அதனால்தான் கிரஷரின் ஜா பிளேட் இதில் செய்யப்படுகிறது. ஆனால் சூட்டில் கல் வெறுமனே சறுக்கிப் போகும் இடத்தில் அடி இல்லை. அடி இல்லாவிட்டால் இறுகவும் இறுகாது. எனவே ஜாவில் நன்றாக உழைக்கிறது என்பதற்காகச் சூட்டிலும் உழைக்கும் என்று சொல்ல முடியாது.

சோதனைச்சாலை சொல்வதும் சொல்லாததும்

தகடுகளை ஒப்பிட ஏ.எஸ்.டி.எம். ஜி-65 என்ற சோதனை உண்டு. ரப்பர் விளிம்பு உள்ள ஒரு சக்கரத்துக்கும் மாதிரித் துண்டுக்கும் இடையே உலர்ந்த குவார்ட்ஸ் மணலை விடுவார்கள். அதன் ‘ஏ’ முறையில் 130 நியூட்டன் சுமையில் சக்கரம் 6000 சுற்று சுற்றும். சக்கரத்தின் விட்டம் 228.6 மி.மீ. என்பதால் மொத்தத் தூரம் 4309 மீட்டர். முன்னும் பின்னும் எடை போட்டுத் தேய்ந்த கன அளவைக் கணக்கிடுவார்கள்.

எந்தத் தகடு சிறந்தது என்று வரிசைப்படுத்த இது நல்ல முறை. ஆனால் எங்கள் ஊர் சூட்டில் அந்தத் தகடு எத்தனை நாள் வரும் என்று அந்தச் சக்கரம் சொல்லாது. இப்போது கம்ப்யூட்டரில் ஒவ்வொரு கல்லின் பாதையையும் கணக்கிடும் முறையும் இருக்கிறது. 1979-இல் கண்டல், ஸ்ட்ராக் ஆகிய இருவர் வெளியிட்ட கட்டுரை இதற்கு அடிப்படை. அதிலும் தேய்மானத்துக்குப் பெரும்பாலும் ஆர்ச்சர்டு சமன்பாட்டையே போடுகிறார்கள். மாறிலியை எங்கிருந்தாவது அளந்துதான் கொண்டுவர வேண்டியிருக்கிறது. சுற்றிச் சுற்றி எங்கே போனாலும் அளவெடுப்பதில்தான் வந்து நிற்கிறது.

நான் செய்து பார்த்தது

எங்கள் துறை விரிவுரையாளர் ஒரு யோசனை சொன்னார். “மாறிலியைப் புத்தகத்தில் ஏன் தேடுகிறாய்? உன் தகடே சொல்லுமே, அதைக் கேள்” என்றார். அதாவது சுமை, தூரம், மாறிலி என்று தனித்தனியாகத் தேடாமல், எத்தனை லோடு கல்லுக்கு எத்தனை மி.மீ. தேய்கிறது என்று நேரடியாக அளப்பது. கல்லும் தகடும் சரிவும் மாறாத வரை அந்த விகிதம் ஓரளவு மாறாது.

கிரஷரில் புதிதாக 10 மி.மீ. மைல்ட் ஸ்டீல் அடித்தகடு போட்ட நாளில் அனுமதி வாங்கி ஆரம்பித்தேன். தகட்டின் வெளிப்பக்கம் பெயிண்டால் 100 மி.மீ. கட்டங்கள் போட்டு எண் எழுதினேன். கல்லூரியிலிருந்து தடிமன் அளக்கும் அல்ட்ராசானிக் கருவியைத் தந்தார்கள். எஃகில் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 5900 மீட்டர். 10 மி.மீ. தகட்டில் ஒலி போய்த் திரும்ப ஒரு நொடியில் பத்து லட்சத்தில் 3.4 பங்குதான் ஆகும். அந்த நேரத்தை வைத்தே கருவி தடிமனைச் சொல்லிவிடும். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் மெயின் சுவிட்சை அணைத்து, ஃபியூஸ் கட்டையைக் கழற்றி அப்பா தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நான் இறங்கி வந்து நின்ற பிறகுதான் வெளியே எடுப்பார்.

லோடு எண்ணியதும் அப்பாதான். தோள் அடிபட்ட பிறகு அவரால் பாரம் தூக்க முடியவில்லை. கேட்டில் டிப்பர் எண்ணுகிற வேலைக்கு மாற்றிவிட்டார்கள். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு டிப்பருக்கு ஒரு கோடு என்று சுவரில் சாக்பீஸால் போடுவார். ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போடுவார். மாலையில் நான் அதை நோட்டில் ஏற்றுவேன். ஒரு லோடு சுமார் 16 டன். ஒரு நாளைக்குச் சுமார் 25 லோடு. மூன்று மாதத்துக்கு மேல் எண்ணியதில் ஒரு நாள் கூட அவர் கணக்கு ஆபீஸ் பில்லோடு இடிக்கவில்லை.

அதிகம் தேய்ந்தது 14-ஆம் கட்டம். அதன் அளவுகள்:

தொடக்கம் – 10.0 மி.மீ.
250 லோடு – 8.9 மி.மீ.
500 லோடு – 7.7 மி.மீ.
750 லோடு – 6.6 மி.மீ.

750 லோடுக்கு 3.4 மி.மீ. தேய்ந்திருக்கிறது. 4 மி.மீ. வந்ததும் தகட்டை மாற்றிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். மீதம் 2.6 மி.மீ. எனவே 2.6 × 750 ÷ 3.4 = 573 லோடு. நாளுக்கு 25 லோடு என்றால் சுமார் 23 வேலை நாள். ஒரு மாதமா பத்து மாதமா என்று இருந்தது, இப்போது 23 நாள் என்று வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. மேனேஜரிடம் தேதியைச் சொன்னேன். “பார்ப்போம் தம்பி” என்றார்.

அப்பா மட்டும் ஒரு ஸ்பேனரால் தகட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பதினாலு சரிடா. பதினஞ்சுலயும் சத்தம் மாறுதே?” என்றார். 15-ஆம் கட்டம் அப்போது 6.9 மி.மீ. இருந்தது. நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும் விரிவுரையாளர் சொன்னபடி, 14-ஐயும் சேர்த்துச் சுற்றியிருந்த நான்கு கட்டங்களில் வெளிப்பக்கத்திலிருந்து 4 மி.மீ. ஆழத்துக்குச் சிறு துளைகள் போட்டோம். உள்ளே தகடு தேய்ந்து 4 மி.மீ. ஆகும்போது துளை திறந்துகொள்ளும், தூசி கசியும். இதற்கு ஒரு டிரில் பிட் போதும்.

இடையில் மழை வந்தது. ஈரத் தூசி சூட்டின் ஒரு பக்கச் சுவரில் அப்பி இறுகி, கல் விழும் இடத்தையே நகர்த்திவிட்டது. 410 லோடில், என் கணக்குப்படி இன்னும் 160 லோடுக்கு மேல் பாக்கி இருக்கும்போது, 15-ஆம் கட்டத்துத் துளையிலிருந்து தூசி கசிந்தது. முதலில் பார்த்தது அப்பாதான். இயந்திரத்தை நிறுத்தி அளந்தோம். 15-ஆம் கட்டம் 3.9 மி.மீ.; நான் கணித்த 14-ஆம் கட்டம் 5.1 மி.மீ. அன்றைக்கே தகடு மாற்றப்பட்டது. யார் மேலும் கல் விழவில்லை.

என் கணக்கு தப்பா? கணக்கில் தப்பில்லை. நேற்று வரை விழுந்த இடத்தில்தான் நாளையும் கல் விழும் என்று நான் நினைத்ததுதான் தப்பு.

நாம் செய்ய வேண்டியவை

என் அனுபவத்திலிருந்து, கல், நிலக்கரி, சிமென்ட் கிளிங்கர் எதைக் கையாளும் இடமானாலும் பயன்படும் என்று நினைப்பவை:

1. தேய்மானத்தை நாள் கணக்கில் எழுதாமல் டன் அல்லது லோடு கணக்கில் எழுத வேண்டும். இயந்திரம் ஓடாத நாளில் தகடு தேயாது.

2. சராசரித் தடிமன் ஒன்றுக்கும் உதவாது. மிக மெலிந்த இடத்தின் தடிமனே தகட்டின் தடிமன்.

3. ஒவ்வொரு முறையும் எல்லாக் கட்டங்களையும் அளக்க வேண்டும். மெலிந்த இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

4. மழை பெய்தால், ஜா பிளேட் மாற்றினால், வேறு குவாரிக் கல் வந்தால், பழைய விகிதத்தை நம்பாமல் புதிதாக அளக்க வேண்டும்.

5. கணக்கோடு நின்றுவிடாமல் கசிவுத் துளையும் போட வேண்டும். கணக்கு தவறினாலும் துளை எச்சரிக்கும். ஆனால் துளை போட்ட இடத்தில் மட்டும்தான்.

6. கல் வந்து மோதும் இடத்தில் குறுக்குப் பட்டை வைத்து வெல்டிங் செய்தால், அதில் கல் தங்கி நிற்கும். வரும் கல் தகட்டில் படாமல் தங்கிய கல்லின் மேல் படும். கல்லைக் கல்லே தேய்க்கட்டும். நாங்கள் மாற்றிய புதுத் தகட்டில் இப்படித்தான் செய்திருக்கிறோம்.

7. எல்லாவற்றுக்கும் மேலாக, பெல்ட் ஓடும்போது சூட்டின் கீழே ஆள் போகக் கூடாது.

முடிவுரை

தேய்மானம் மற்றக் கோளாறுகளைப் போலச் சொல்லாமல் வருவதில்லை. மோட்டார் திடீரென்று எரியலாம். பெல்ட் திடீரென்று அறுந்து போகலாம். தகடு மட்டும் ஒவ்வொரு லோடுக்கும் தன் கணக்கைச் சொல்லிக்கொண்டே தேய்கிறது. அதைக் கேட்க ஆள் இல்லாதபோதுதான் அது விபத்தாகிறது. விபத்துக்குப் பிறகு ‘நேரம் சரியில்லை’ என்று சொல்வதை விட, முன்பே மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்கி அளந்துவிடுவது மேல்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவன் நான். புராஜெக்ட் ரிப்போர்ட்டைப் பைண்டு செய்து வீட்டுக்குக் கொண்டுபோனபோது அப்பா பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடைசியில், லோடு கணக்கு என்று நான் ஒட்டியிருந்த பக்கத்தில் நிறுத்தினார். அவர் சுவரில் போட்ட கோடுகளை அப்படியே போட்டோ எடுத்து அங்கே ஒட்டியிருந்தேன். “இது நான் எழுதினதுடா” என்றார்.

இதைப் படிக்கும் ஜூனியர் தம்பி தங்கைகளில் யாருடைய அப்பாவோ அம்மாவோ இப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்தால், லீவில் ஒரு நாள் அங்கே போய் ஒரு தகட்டையாவது அளந்து பாருங்கள்.